சந்தா கட்டிவிட்டு ஒதுங்கிப்போன உறுப்பினர்களைத் திரும்ப அழைப்பது எப்படி? மாடித்தோட்டக் குழுவை வைத்து ஒரு வழிகாட்டி

மாடித்தோட்டம், ஆரி வேலை, யோகா, சிறுதானியச் சமையல் என்று எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சரி, வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ சந்தா வாங்கிக் குழு நடத்துகிறவர்களுக்கு நான்கைந்து மாதத்தில் ஒரே கவலை வந்துவிடும். குழுவில் முந்நூறு பெயர் இருக்கும், பேசுவது இருபது பேராக இருக்கும். மற்றவர்கள் பணம் கட்டியிருக்கிறார்கள், ஆளைத்தான் காணோம். சந்தா புதுப்பிக்கும் மாதம் வந்தால் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள்.

அப்படி ஒரு குழுவைப் புதிதாகப் பொறுப்பேற்று நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான மாடித்தோட்டக் குழுவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் செடி இருக்கும் இடத்தில் உங்கள் தொழிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஒதுங்கியவர்களில் கோபித்துக்கொண்டு போனவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் கூச்சத்தில் ஒதுங்கியவர்கள். செடி காய்ந்துவிட்டது, குழுவில் எல்லாரும் கூடை நிறையக் கத்தரிக்காய்ப் படம் போடுகிறார்கள், நாம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று நினைக்கிறார்கள். அவர்களைப் பொது அறிவிப்பு போட்டோ, தள்ளுபடி கொடுத்தோ அழைத்தால் வரமாட்டார்கள். தனியாகப் பேசி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து, கையில் அடங்குகிற ஒரு சின்ன வேலையோடு அழைத்தால் வருவார்கள்.

உண்மையிலேயே காணாமல் போனவர் யார்?

பேசாதவர்கள் எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டை ஆராய்கிற யாகப் நீல்சன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். பணம் கட்டிச் சேர்கிற சிறு குழுக்களில் இந்த விகிதம் அப்படியே இருக்காது. இருந்தாலும், படித்துவிட்டுப் பேசாமல் மாடிக்குப் போய் வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அவர்கள் நல்ல உறுப்பினர்கள். அவர்களிடம் போய் 'உங்களைக் காணோமே' என்றால், நாம் அவர்களைக் கவனிக்கவே இல்லை என்பதை நாமே சொன்னதாகிவிடும்.

படிக்கிறாரா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்ததோடு நிற்கிறது என்று தனித்தனியாகக் காட்டும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்தியில் இந்தப் பட்டியலில் வந்துவிடுவார்கள். எல்லாச் செய்திக்கும் பார்க்க வேண்டாம். வகுப்பு அறிவிப்பு, விதை அனுப்புகிற அறிவிப்பு என்று மாதத்தில் மூன்று நான்கு முக்கியமான செய்திகளுக்குப் பார்த்துக் குறித்தால் போதும். வகுப்பு ஜூமில் நடந்தால், பணம் கட்டிய கணக்கில் யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற அறிக்கை கிடைக்கும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஒரு கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். பெயர், சேர்ந்த மாதம், கடைசியாகப் படித்தது, கடைசியாக எழுதியது, கடைசியாக வகுப்புக்கு வந்தது, சந்தா முடியும் தேதி. இவற்றோடு இன்னும் இரண்டு பத்தி வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அவரிடம் என்ன செடி, எத்தனை பை, மொட்டை மாடியா பால்கனியா. மற்றது, அவரை எப்படிக் கூப்பிடுவது. அக்காவா, அண்ணாவா, சாரா, மேடமா, அம்மாவா? ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை 'ப்ரோ' என்று அழைத்த செய்திக்கு எந்தப் பதிலும் வராது.

ஷீட்டை நிரப்பி முடித்தால் ஆட்கள் தாமாகவே பிரிந்து தெரிவார்கள். படிக்கிறார், பேசுவதில்லை: அவரை அப்படியே விடுங்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே காணாமல் போனவர் வேறு வகை, அவர் இன்னும் உள்ளே வரவேயில்லை. ஒரு காலத்தில் கலகலவென்று பேசி, படம் போட்டு, பிறகு நின்றவர் மூன்றாவது வகை. இவர்தான் நமக்கு முக்கியம். நான்காவது, தானியங்கிப் பணப்பிடித்தம் போட்டுவிட்டு மறந்தே போனவர். அவரைப் பற்றிப் பணம் வருகிற இடத்தில் சொல்கிறேன்.

கூப்பிடுவதற்கு முன் பழைய பேச்சைத் தேடிப் படியுங்கள்

இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே பாதிக் காரணம் புரிந்துவிடும். டெலிகிராமில் குறிப்பிட்ட ஒருவர் எழுதியதை மட்டும் தேடிப் பார்க்கும் வசதி உண்டு. வாட்ஸ்அப்பில் பேச்சு முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, வரும் எழுத்துக் கோப்பில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவர் கடைசியாக எழுதியது என்ன? அதற்கு அடுத்த வரி என்ன?

பல நேரம் காட்சி இப்படி இருக்கும். 'வெண்டை இலையெல்லாம் சுருண்டு போகுது, என்ன பண்ணலாம்?' என்று ஒருவர் கேட்டிருப்பார். அதற்குக் கீழே யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு வாழ்த்து. அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கைகூப்பும் படம். அப்புறம் ஒருவரின் சுரைக்காய் அறுவடை, அதற்குப் பாராட்டு. கேள்வி மேலே போய்விட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பெயர் கோப்பில் வரவே இல்லை. பணம் கட்டிக் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் ஓய்ந்துபோனவர் அவர். அவருக்கு அனுப்ப வேண்டிய முதல் செய்தி என்ன என்பது கோப்பிலேயே இருக்கிறது: அந்தப் பதில்.

அடுத்து பருவத்தைப் பாருங்கள். மாடித்தோட்டக் குழுவில் ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டம் கலையும். சித்திரை, வைகாசியில் அக்னி நட்சத்திர வெயிலில் தக்காளிப் பூ உதிரும், பை இரண்டே நாளில் காய்ந்து கட்டியாகிவிடும். அதே நேரத்தில்தான் பள்ளி விடுமுறை. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் எல்லாம் சருகு. மறுபடி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வடிகால் சரியில்லாத பைகளில் நீர் தேங்கி வேர் அழுகும். இந்த இரண்டு காலத்தையும் ஒட்டி நின்றவர்கள் யார் யார் என்று ஷீட்டில் பார்த்தால் பாதிப் பேருக்குக் காரணம் வானிலைதான் என்று தெரியும். உங்கள் குழு வேறு எதற்கானதாக இருந்தாலும் இப்படி ஒரு பருவம் இருக்கும். யோகாக் குழுவில் மார்கழிக் குளிர், ஆரிக் குழுவில் கல்யாண சீசன், பிள்ளைகளுக்கான குழுவில் முழுஆண்டுத் தேர்வு.

வேறு காரணங்களும் உண்டு. வீடு மாறியிருப்பார்கள், புது வீட்டுக்காரர் மாடியில் பை வைக்க விடமாட்டார். குழந்தை பிறந்திருக்கும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்திருப்பார்கள். அதனால் 'என்ன ஆச்சு?' என்று எதைக் கேட்டாலும், ஒரு துக்கச் செய்தி பதிலாக வரலாம் என்ற நினைப்போடு கேளுங்கள்.

வீட்டைக் கூட்டிவிட்டு விருந்தாளியை அழையுங்கள்

திரும்பி வருகிறவர் முதலில் பார்ப்பது குழுவை. திறந்தவுடன் நானூறு படிக்காத செய்தி, அதில் முந்நூறு காலை வணக்கம் என்றால் மறுபடி மூடிவிடுவார். ஆகவே அழைப்புக்கு ஒரு வாரம் முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற அமைப்பு 2022 இறுதியில் வந்தது. அதில் அட்மின்கள் மட்டும் எழுதக்கூடிய ஓர் அறிவிப்புக் குழுவையும், அதற்குக் கீழே தனித்தனிக் குழுக்களையும் வைக்கலாம். அறிவிப்பு ஒரு பக்கம், செடிக் கேள்விகள் ஒரு பக்கம், அறுவடைப் படமும் வாழ்த்தும் அரட்டையும் இன்னொரு பக்கம். அரட்டையை ஒழித்துக்கட்ட வேண்டாம். குழுவில் உயிர் இருப்பதே அதனால்தான். கேள்வியை அது மூடிவிடாமல் இருந்தால் சரி.

கேள்விக் குழுவில் எந்தக் கேள்வியும் ஒரு நாளுக்கு மேல் பதில் இல்லாமல் நிற்கக் கூடாது. உங்களால் முடியாவிட்டால், நன்றாகச் செடி வளர்க்கிற இரண்டு மூன்று உறுப்பினர்களைக் கேளுங்கள், அவர்களுக்குச் சந்தாவில் சலுகை கொடுங்கள். பதில் தெரியாவிட்டாலும், 'இலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம் போடுங்க, பார்த்துச் சொல்றேன்' என்ற ஒரு வரி போதும். அடிப்பக்கம் பார்த்தால்தான் அசுவினிப் பூச்சியா வெள்ளை ஈயா என்று தெரியும். கேட்டவருக்கும் யாரோ கவனிக்கிறார்கள் என்ற தெம்பு வரும்.

கடைசியாக, குழுவின் மேலே ஒரு செய்தியைப் பின் பண்ணி வையுங்கள். இந்த மாதம் என்ன விதைக்கிறோம், வகுப்பு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு, கேள்வியை எங்கே கேட்பது. மூன்று வரி போதும். ஆறு மாதம் கழித்து வருகிறவர் பழையதை எல்லாம் உருட்டிப் படிக்காமல் அன்றைக்கே கலந்துகொள்ள அது உதவும். வாட்ஸ்அப்பில் ஒரு பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிற்கும். மாதாமாதம் புதுப்பிப்பதற்கு அதுவே நினைவூட்டல்.

யாரை முதலில் அழைப்பது

எல்லாரையும் ஒரே வாரத்தில் அழைக்க ஆசைப்படாதீர்கள். பத்துப் பேர் பதில் சொன்னாலே உட்கார்ந்து பேச நேரம் போதாது. அழைத்துவிட்டுப் பதிலைக் கவனிக்காமல் விட்டால், அழைக்காமலே இருந்திருக்கலாம்.

முதலில், ஒன்றிரண்டு மாதத்துக்குள் நின்றவர்கள். அவர்களுக்கு விட்டுப்போன தூரம் குறைவு. அடுத்து, சந்தா முடிய மூன்று மாதம் இருப்பவர்கள். முடிய ஒரு வாரம் இருக்கும்போது அன்பாக விசாரித்தால், எவ்வளவு நல்ல மனதோடு விசாரித்தாலும் பணத்துக்காக என்றுதான் தோன்றும். ஒரு வருடத்துக்கு மேல் காணாதவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் முக்கியம். மாடித்தோட்டக்காரர்களை அழைக்க நல்ல நேரம் ஆனி மாதம், அதாவது ஜூன் பாதியிலிருந்து. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆடி நெருங்கும்போது கை தானாகவே பரபரக்கும். ஆடிப்பெருக்கன்று விதை போடலாம் என்று சொன்னால் அதற்கு விளக்கமே தேவையில்லை. ஆடியைத் தவறவிட்டால் அடுத்தது தைப் பட்டம், மார்கழிக் கடைசியில் அழையுங்கள். மே மாதம் நடுவில் அழைத்து மறுபடி செடியைக் காயவைக்காதீர்கள்.

என்ன எழுதுவது

முதலில், எழுதக் கூடாதது:

'அன்பார்ந்த உறுப்பினர்களே! தங்களை நீண்ட நாட்களாகக் காணவில்லை. உங்கள் பசுமைப் பயணத்தை மீண்டும் தொடங்கிட இதோ ஓர் அரிய வாய்ப்பு! இன்றே இணைந்தால் 50 சதவீதத் தள்ளுபடி!'

இது யாருக்கும் எழுதப்பட்டதில்லை என்பது படித்தவுடன் தெரியும். தங்களை என்று தொடங்கி உங்கள் என்று முடிவதிலேயே இது எங்கிருந்தோ ஒட்டப்பட்டது என்பது பளிச்சென்று தெரிகிறது. கூடவே, விடாமல் முழுச் சந்தா கட்டி வருகிறவர் இதைப் பார்த்தால் அவருக்கு வயிறெரியும், அதில் நியாயமும் உண்டு.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம் அக்கா, மாடித்தோட்டக் குழுவிலிருந்து பேசுறேன். மார்ச்ல வெண்டை இலை சுருளுதுன்னு கேட்டிருந்தீங்க. அன்னைக்கு யாரும் பதில் சொல்லாம விட்டுட்டோம், மன்னிச்சுக்கோங்க. அது பெரும்பாலும் சாறு உறிஞ்சுற பூச்சி வேலைதான். இலையோட அடிப்பக்கம் பார்த்தா தெரியும். அந்தச் செடி இப்போ எப்படி இருக்கு? இல்லாட்டியும் பரவாயில்ல, சும்மா சொல்லுங்க.'

இதில் வகுப்பு விளம்பரம் இல்லை, லிங்க் இல்லை, சந்தாப் பேச்சு இல்லை. அவர் கேட்டது இருக்கிறது, பதில் இருக்கிறது, 'இல்லாட்டியும் பரவாயில்ல' என்ற அனுமதி இருக்கிறது. அந்த அனுமதிதான் கூச்சத்தை உடைக்கும். கேள்வி எதுவும் கேட்காமல் போனவர் என்றால் அவர் போட்ட கடைசிப் படத்தைப் பற்றிக் கேளுங்கள். படமும் இல்லையென்றால், 'உங்க மாடியில வெயில் எந்நேரம் விழும்?' என்பது போல ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

பேசுவது போல எழுதலாம். குரல் பதிவாக அனுப்பினால் இன்னும் நல்லது, அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். இல்லத்தரசிகளுக்குக் காலை வேலை ஓய்ந்து பதினொரு மணிக்கு மேல், வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு எட்டுக்கு மேல். கேட்காமல் நேராகப் போன் அடிக்காதீர்கள்.

பிராட்காஸ்ட் வசதியில் ஒரே தட்டில் எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அந்தப் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஒதுங்கியவர்களில் பலர் பதிந்திருக்க மாட்டார்கள். ஒரே செய்தியைக் காப்பி எடுத்து நூறு பேருக்குத் தனித்தனியாக ஒட்டினால் சிலர் ஸ்பாம் என்று புகார் செய்வார்கள், வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடவும் கூடும். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஐவருக்கும் தனித்தனிச் செய்தி. மெதுவான வழிதான், ஆனால் பலன் தருவது இதுதான்.

பதில் வந்த பிறகு

பேச்சு அனேகமாக இப்படிப் போகும்:

'குரூப் பக்கமே வர்றதில்லப்பா. செடியெல்லாம் காஞ்சிருச்சு, வெறும் பையாத்தான் கெடக்கு.'

'எத்தனை பை இருக்கும்க்கா?'

'பதினஞ்சு இருக்கும்.'

'மண்ணு அப்படியே இருக்குல்ல? பை ஏதும் கிழிஞ்சிருக்கா?'

'மண்ணு இருக்கு. ரெண்டு பை கிழிஞ்சிருச்சு.'

'அப்போ பதிமூணு பைக்கு மண்ணு வாங்குற செலவே இல்லக்கா. ஒரே ஒரு பையை மட்டும் கொட்டி ரெண்டு நாள் வெயில்ல காய விடுங்க. கீரை விதை நான் அனுப்பி வைக்கிறேன்.'

ஏன் காய்ந்தது, ஏன் தண்ணீர் ஊற்றவில்லை, வகுப்பில் சொன்ன சொட்டுநீரைப் போட்டீர்களா என்று ஒன்றும் கேட்கவில்லை பாருங்கள். குழு நடத்துகிறவர் மிச்சம் இருப்பதைக் கேட்டார், அதை வைத்து ஒரு பைக்கு வேலை கொடுத்தார். பதினைந்து பையும் மறுபடி பச்சையாக வேண்டும் என்று உறுப்பினர் மனதில் இருக்கும் மலையை நீங்கள்தான் ஒரு பையாகச் சுருக்கித் தர வேண்டும்.

'நேரமில்லை' என்பவரிடம் வாதாடாதீர்கள். வகுப்பின் சாரத்தை ஐந்து நிமிடக் குரல் பதிவாக அனுப்புகிறேன், பாத்திரம் தேய்க்கும்போது கேளுங்கள் என்று சொல்லலாம். வீடு மாறியவருக்குப் பால்கனியில் புதினாவும் கறிவேப்பிலையும். 'எனக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்ல' என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லி, எது கிடைக்கவில்லை என்று கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அதே குறையை இன்னும் இருவர் சொன்னால் அது குழுவின் குறை, ஆளின் குறை இல்லை.

துக்கச் செய்தி வந்தால் அன்றைக்குத் தோட்டப் பேச்சே வேண்டாம். ஆறுதல் சொல்லுங்கள், சந்தாவை அவர் கேட்காமலே நிறுத்தி வையுங்கள். உறுப்பினரே இறந்துவிட்டார் என்று அவர் வீட்டார் சொன்னால், பணப்பிடித்தத்தை அன்றைக்கே ரத்து செய்து, மிச்ச மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த எண்ணுக்கு இனி எந்த அறிவிப்பும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்ட குழுக்களைப் பற்றி மக்கள் வருடக்கணக்கில் பேசுவார்கள்.

முதல் வேலை: இருபத்தைந்து நாள் கீரை

திரும்பி வருகிறவருக்குக் கொடுக்கிற முதல் வேலை தோற்க வாய்ப்புக் குறைவானதாக, ஒரு மாதத்துக்குள் கையில் பலன் கொடுப்பதாக இருக்க வேண்டும். தக்காளி கூடாது. நாற்று விட்டு, நட்டு, பூத்துக் காய்க்க மூன்று மாதம் ஆகும், நடுவில் நூறு தொல்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் இருபத்தைந்து நாளில் பிடுங்கிக் கடைந்துவிடலாம்.

பழைய மண்ணைக் காயவைத்து உதிர்த்து, இரண்டு கை மண்புழு உரம் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். கீரை விதை கடுகை விடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும், கொஞ்சம் மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிசாக மண் போட்டு, கையால் தெளித்தாற்போலத் தண்ணீர். பையைச் சுற்றிச் சாம்பல் தூவினால் எறும்பு விதையை இழுத்துப் போகாது. நான்கைந்து நாளில் முளை தெரியும்.

அந்த நான்காம் நாளில் நீங்கள் அவரைக் கேட்க வேண்டும். 'முளைச்சிருச்சாக்கா? ஒரு போட்டோ அனுப்புங்க.' முதல் படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். பெரிய குழுவில் போடச் சொல்லி நெருக்காதீர்கள். திரும்பி வந்தவர்கள் ஏழெட்டுப் பேரை மட்டும் சேர்த்து, ஆடி ஒன்றில் தொடங்கி ஒரு மாதத்தில் கலைகிற தற்காலிகக் குழு ஒன்று ஆரம்பித்தால் இன்னும் நல்லது. அங்கே எல்லாரும் செடியைக் காயவிட்டவர்கள்தான், யாருக்கும் யாரிடமும் வெட்கம் இல்லை. கடைந்த கீரையின் படத்தை அவராகவே பெரிய குழுவில் போடும் நாள் வரும். அன்று குழுவில் முதல் ஆளாக நீங்கள் பதில் போடுங்கள்.

யோகாக் குழுவுக்கு இது தினம் ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சியாக இருக்கலாம், ஆரிக் குழுவுக்கு ஒரே ஒரு பூ. எதுவானாலும் முடிந்ததைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கட்டும்.

பணம்

சந்தாவைத் தானாகப் பிடிக்கும் யூபிஐ ஆட்டோபே 2020இல் வந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காமல் கடந்துபோகிறவர்கள்தான் நான் முன்பு சொன்ன நான்காம் வகை. அவர் மறந்திருப்பது நமக்கு லாபம்தானே என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைக்காதீர்கள். ஒருநாள் பாஸ்புக்கைப் பார்த்து எட்டு மாதப் பணம் போயிருப்பதைக் கண்டுபிடித்தால், அவர் திட்டிவிட்டுத்தான் போவார், தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லவும் செய்வார்.

நெட்ஃபிளிக்ஸ் 2020 மே மாதம் ஒரு முடிவெடுத்தது. சேர்ந்து ஒரு வருடமாக எதையுமே பார்க்காதவர்களிடமும், பார்ப்பதை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆனவர்களிடமும் 'சந்தாவைத் தொடரவா?' என்று கேட்டு, பதில் வராவிட்டால் தானே ரத்து செய்துவிடுவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அது கட்டுப்படியானது. முந்நூறு பேர் குழுவுக்கு ஏன் ஆகாது? ஆறு மாதமாக எதையும் படிக்காதவர் என்றால் அடுத்த பிடித்தத்துக்கு முன் கேளுங்கள். பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தி வைக்கும் வசதி ஒன்று கட்டாயம் வேண்டும். பிரசவம், வீடு மாற்றம், வெயில் காலம் என்று எதைச் சொன்னாலும், 'மூணு மாசம் நிறுத்தி வைக்கிறோம், ஆடியில வாங்க, சந்தா தேதி தள்ளிப் போகும்' என்று சொல்ல முடிந்தால் வெளியேறப் போனவர் வெளியேற மாட்டார். தள்ளுபடியை விட இதற்கு வலு அதிகம், பணம் கட்டிய மற்றவர்களுக்கும் இதில் வருத்தம் இல்லை.

விலக விரும்புகிறவருக்கு வழியை மறைக்காதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வியாபாரத்தில் செய்யக் கூடாத 13 ஏமாற்று வேலைகளைப் பட்டியலிட்டது. சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் சிக்கவைப்பது அதில் ஒன்று. 'வேண்டாம், எனக்குச் சுத்தமான காய்கறியில் அக்கறை இல்லை' என்பது போன்ற பொத்தான் வைத்துக் குற்றவுணர்வு ஊட்டுவது ஒன்று. இல்லாத அவசரத்தைக் காட்டுவது இன்னொன்று. 'இன்று இரவு 12 மணியோடு முடிகிறது' என்று வாராவாரம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது

'சரிங்க', 'ஓகே', கைகூப்பும் படம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். செய்தி அனுப்பி 30 நாளுக்குள் அவர் ஏதாவது ஒன்று செய்தாரா என்று பாருங்கள். விதை போட்டார், படம் அனுப்பினார், கேள்வி கேட்டார், வகுப்புக்கு வந்தார். ஷீட்டில் அதற்கு ஒரு பத்தி. இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் இருக்கிறாரா என்று.

முதல் செய்திக்குப் பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து இன்னொன்று. அதுவும் வேறு விஷயமாக, அவருக்குப் பயன்படுகிற ஒரு தகவலாக இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் சந்தா முடிவதற்கு முன் 'தொடரவா, நிறுத்தவா?' என்ற கேள்வி மட்டும். மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இந்த வேலை எல்லாம் நடக்கும்போதே புதிதாகச் சேர்கிறவர்களையும் கவனியுங்கள். இன்று சேர்ந்து முதல் இரண்டு வாரத்தில் ஒரு கேள்வி கூடக் கேட்காதவர் அடுத்த ஆண்டு இந்தப் பட்டியலில் இருப்பார். சேர்ந்த அன்றே பெயர், ஊர், எத்தனை பை, எந்தப் பக்கம் வெயில் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு பொட்டலம் கீரை விதை அனுப்புங்கள், நான்காம் நாள் முளை விட்டதா என்று விசாரியுங்கள்.

விலகிப் போனவர்களின் எண்ணை என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். போகும்போதே கேட்டுவிடுங்கள்: 'ஆடிப் பட்டம் வரும்போது ஒரு தடவை சொல்லட்டுமா?' சரி என்றால் ஷீட்டில் தனித்தாளில் குறித்து, ஆனியில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அவர் வரியை அன்றே அழித்துவிடுங்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது.